முஸ்லிம் நாடுகளும் சர்வதேச உறவுகளும்: இந்தத் துறையில் பேராசிரியராக நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வளைகுடா, ஈரான், துருக்கி, எகிப்து, மலாய் நாடுகள் என்று ஏதாவது ஒரு பக்கத்தைப் பிடித்து ஆராய்ந்து, அதையே வாழ்க்கைத் தொழிலாக்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டு வரும் மாணவர்களுக்காக எழுதியது. நான் டெல்லியில் படித்தவன், இப்போது பாடம் நடத்துபவன். அதனால் இந்தியச் சூழல்தான் இதில் தூக்கலாக இருக்கும்.

"முஸ்லிம் உலகமும் சர்வதேச அரசியலும்" என்று தலைப்பு வைத்து முனைவர் பட்டம் செய்யலாமா?

வைக்கலாம். நெறியாளர் முதல் சந்திப்பிலேயே "எந்த நாடு?" என்று கேட்பார். அங்கேயே தலைப்பு உடைந்துவிடும்.

ஈரானை எடுத்துக்கொள்ளுங்கள். தன்னைப் போலவே ஷியாக்கள் பெரும்பான்மையாக உள்ள அஜர்பைஜானோடு அதற்கு உரசல். பக்கத்திலிருக்கும் கிறிஸ்தவ நாடான ஆர்மீனியாவோடு நல்ல உறவு. மதத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இது புரியவே புரியாது. எல்லை, ஈரானுக்குள் சிறுபான்மையாக வாழும் அஜெரி இனத்தவர், துருக்கியின் செல்வாக்கு, வணிகப் பாதை என்று பார்க்கும்போதுதான் விளங்கும்.

இன்னொன்று நமக்கே நெருக்கமானது. 1969 ஆகஸ்டில் ஜெருசலேமின் அல் அக்ஸா பள்ளிவாசலுக்கு ஒருவன் தீ வைத்தான். அதையொட்டி செப்டம்பரில் மொராக்கோவின் ரபாத்தில் முஸ்லிம் நாடுகளின் உச்சி மாநாடு கூடியது. இன்று ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு 57 உறுப்பு நாடுகளோடு இயங்கும் இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் தொடக்கம் அதுதான். அந்த மாநாட்டுக்கு இந்தியாவுக்கும் அழைப்பு வந்தது. மத்திய அமைச்சர் பக்ருதீன் அலி அகமது தலைமையில் குழு ரபாத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. இந்தியா உட்கார்ந்தால் நான் உட்கார மாட்டேன் என்று பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கான் அடம்பிடிக்க, இந்தியக் குழு வெளியே நிறுத்தப்பட்டது. ஐம்பது ஆண்டு கழித்து, 2019 மார்ச்சில் அதே அமைப்பின் வெளியுறவு அமைச்சர்கள் அபுதாபியில் கூடியபோது நம் வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜ் கௌரவ விருந்தினர். பாகிஸ்தானின் பாலகோட்டில் இந்தியா வான் தாக்குதல் நடத்திச் சில நாள்தான் ஆகியிருந்தது. இந்த முறை புறக்கணித்தது பாகிஸ்தான் அமைச்சர்.

அமைப்பும் அதேதான், சண்டைக்காரர்களும் அதே இருவர்தான். முடிவு மட்டும் ஏன் தலைகீழானது? எண்ணெய், முதலீடு, அமீரகத்தின் கணக்கு, அங்கே வேலை செய்யும் இந்தியர்கள் என்று தேடிக்கொண்டு போனால் ஓர் ஆய்வேட்டுக்கான கேள்வி கிடைத்துவிடும். "முஸ்லிம் உலகம்" என்ற சொல்லை அடைமொழியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வை ஒரு நாட்டில், ஒரு காலகட்டத்தில், ஒரு முடிவில் கட்டிப்போடுங்கள்.

முஸ்லிமாக இருந்தால்தான் இதில் மதிப்பா?

இல்லை. எல்லா மதத்தவரும் எந்த மதமும் இல்லாதவர்களும் இதில் பேராசிரியர்களாக இருக்கிறார்கள். முஸ்லிம் மாணவர்களுக்கு வேறு ஒரு தொல்லை உண்டு: ஜப்பானைப் பற்றி ஆராய விரும்பினாலும், "உங்களுக்கு மேற்காசியாதானே சரியாக வரும்" என்று தள்ளிவிடுவார்கள். உங்களுக்கு ஜப்பான்தான் பிடிக்கும் என்றால் ஜப்பானையே படியுங்கள்.

எங்கே படிக்கலாம்?

இளங்கலையில் எந்தப் பாடமும் சரிதான். வரலாறு, அரசியல் அறிவியல், பொருளாதாரம் என்றால் கொஞ்சம் வசதி. பொறியியல் முடித்துவிட்டு வந்தவர்களும் ஏராளம்.

முதுகலைக்குப் பலரின் முதல் தேர்வு ஜே.என்.யூ.வின் (ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம்) சர்வதேச ஆய்வுகள் பள்ளி. 1955இல் டெல்லி சப்ரு ஹவுஸில் தனி நிறுவனமாகத் தொடங்கி, 1970இல் ஜே.என்.யூ.வோடு இணைந்தது. முனைவர் பட்டத்துக்கு அதற்குள்ளேயே மேற்காசிய ஆய்வு மையம் இருக்கிறது. ஜாமியா மில்லியாவிலும் மேற்காசிய ஆய்வு மையம் உண்டு. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் மேற்காசியா, வட ஆப்பிரிக்காவுக்கென்றே தனித் துறை உண்டு. பக்கத்தில் வேண்டுமென்றால் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் அரசியல், சர்வதேச ஆய்வுகள் துறை. கேரளத்தில் கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகம், காசர்கோட்டில் உள்ள மத்தியப் பல்கலைக்கழகம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு மற்றும் உத்திசார் ஆய்வுகள் துறை, அரபு-பாரசீக-உருதுத் துறை, நீதிபதி பஷீர் அகமது சயீது பெயரிலான இஸ்லாமிய ஆய்வு மையம் மூன்றும் உள்ளன. சேர்க்கை விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஜே.என்.யூ. முனைவர் சேர்க்கை 2024இல் நெட் (உதவிப் பேராசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு) மதிப்பெண்ணுக்கு மாறியது. அடுத்த ஆண்டு என்னவோ. அந்தந்த ஆண்டின் ப்ராஸ்பெக்டஸைப் பாருங்கள், சீனியர் சொன்னதை நம்பாதீர்கள்.

எம்.ஃபில்.? 2022 யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகளோடு அது போய்விட்டது.

நெட் தேர்வை எந்தப் பாடத்தில் எழுதுவது?

இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சர்வதேச ஆய்வுகள், மேற்காசிய ஆய்வுகள் எல்லாம் சேர்ந்த தனிப் பாடம் ஒன்று நெட்டில் உண்டு. நீங்கள் படித்ததற்கு அதுதான் பொருத்தம் என்று தோன்றும். ஆனால் தமிழ்நாட்டில் உதவிப் பேராசிரியர் பணிக்கு விளம்பரம் வரும்போது பெரும்பாலும் "அரசியல் அறிவியல்" என்றுதான் இருக்கும். அங்கே போய் "மேற்காசிய ஆய்வுகளும் தொடர்புடைய பாடம்தான்" என்று வாதாடுவது வீண் அலைச்சல். எனவே அரசியல் அறிவியலிலும் நெட் அல்லது செட் (மாநில அளவிலான தகுதித் தேர்வு) வாங்கிவிடுங்கள். முடிந்தால் முதுகலைப் பட்டத்திலும் "அரசியல்" என்ற சொல் எங்காவது இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் சான்றிதழ் சரிபார்ப்பில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

நெட் வழியாக ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப் படி தனி. பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 30, ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் பெண்களுக்கும் ஐந்து ஆண்டு தளர்வு உண்டு. டெல்லியில் விடுதி அறை கிடைத்துவிட்டால் இந்தப் பணத்தில் தாராளமாக ஓட்டலாம்.

மொழி கற்றே ஆக வேண்டுமா?

ஆமாம். இந்தப் பக்கத்தில் நான் விட்டுக்கொடுக்காத விஷயம் இது ஒன்றுதான்.

ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு சவுதி வெளியுறவுக் கொள்கையைப் பற்றி எழுதலாம், எழுதுகிறார்கள். படித்துப் பார்த்தால் வாஷிங்டன் நிபுணர் எழுதியதை டெல்லியில் சுருக்கியது போல இருக்கும். டெல்லி சட்டமன்றத் தேர்தலைப் பற்றி இந்தியே தெரியாமல் ஒருவர் ஆய்வேடு எழுதினால் நாம் என்ன சொல்வோம்?

அரபுதான் கடினம். எழுத்து நடை ஒன்று, ஒவ்வொரு நாட்டின் பேச்சு வழக்கும் வேறு. முதல் ஆண்டில் மாணவர்கள் திண்டாடுவது அகராதியில். பழைய முறை அரபு அகராதியில் சொற்கள் முதல் எழுத்து வரிசையில் இருக்காது. வேரின் வரிசையில் இருக்கும். நாளிதழில் "இஸ்திக்லால்" என்று வருகிறது, விடுதலை என்று பொருள். அலிஃபில் தேடினால் கிடைக்காது. முன்னொட்டை உரித்து, காஃப்-லாம்-லாம் என்ற வேரைக் கண்டுபிடித்து, அதன் கீழே பத்தாவது வினை வடிவத்தில் பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் ஒரு பத்தியைக் கடக்க மாலைப்பொழுது முழுக்க ஆகும். அலைபேசிச் செயலியில் சொல்லைத் தட்டினால் பொருள் வந்துவிடுகிறதே என்பார்கள். வரும். ஆனால் வேரைப் பிடிக்கும் பழக்கம் வராது, அது வராதவரை வேகம் வராது. தினமும் ஷர்குல் அவ்ஸத் நாளிதழின் முதல் பக்கத்தில் ஒரு செய்தி, அல் ஜசீராவின் அரபு ஒலிபரப்பில் ஒரு செய்தியறிக்கை என்று வைத்துக்கொண்டால் இரண்டு ஆண்டில் நாளிதழ் கைக்கு வந்துவிடும்.

பாரசீகம் அதைவிட எளிது; இலக்கணத்தில் ஆண்பால் பெண்பால் தொல்லை கிடையாது. துருக்கி 1928இலேயே லத்தீன் எழுத்துக்கு மாறிவிட்டதால் எழுத்துப் பிரச்சினை இல்லை. ஒட்டிக்கொண்டே போகும் அதன் சொல்லமைப்பு தமிழனுக்கு அந்நியமாகவும் தோன்றாது. மலாய், இந்தோனேசிய மொழிகள் இன்னும் எளிது. உலகிலேயே முஸ்லிம்கள் மிக அதிகம் வாழும் நாடுகளில் இந்தோனேசியாவுக்கு முதல் வரிசை இடம். ஆனாலும் இந்தியாவில் அதைப் படிக்க ஆளே இல்லை. போட்டி குறைவான இடம் வேண்டும் என்பவர்கள் அந்தப் பக்கம் பாருங்கள்.

நான் அரபிக் கல்லூரியில் ஓதியவன். எனக்கு இது உதவுமா?

மிகவும். நஹ்வு (வாக்கிய இலக்கணம்), ஸர்ஃபு (சொல் வடிவ இலக்கணம்) இரண்டையும் முறையாக ஓதியவருக்கு மேலே சொன்ன வேர் தேடும் வேதனை கிடையாது. வேலூர் பாக்கியாத்திலோ சென்னை ஜமாலியாவிலோ ஓதி வந்த ஒருவர் எங்களைப் போன்றவர்களைவிடப் பல ஆண்டு முன்னால் நிற்கிறார்.

இரண்டு இடைவெளிகளை மட்டும் நிரப்ப வேண்டும். ஒன்று, கிதாபுகளின் அரபு வேறு, வெளியுறவு அமைச்சக அறிக்கையின் அரபு வேறு. பொருளாதாரத் தடை, போர்நிறுத்தம், புரிந்துணர்வு ஒப்பந்தம் போன்ற சொற்களைப் புதிதாகத்தான் கற்க வேண்டும். இரண்டு, ஆங்கில ஆய்வு எழுத்து. மௌலவி ஸனது (பட்டச் சான்று) மட்டும் முதுகலைச் சேர்க்கைக்குப் போதாது; அங்கீகாரம் பெற்ற இளங்கலைப் பட்டம் கையில் இருக்க வேண்டும். ஓதும்போதே அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்துவிட்டால் நல்லது.

தமிழ் தெரிந்திருப்பதால் ஏதாவது பயன் உண்டா?

யாரும் கேட்காத கேள்வி. கேட்க வேண்டிய கேள்வி.

வளைகுடா நாடுகளில் ஏறத்தாழ 90 லட்சம் இந்தியர்கள் இருக்கிறார்கள். அவர்களில் தமிழர்களும் மலையாளிகளும் எத்தனை பேர் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தொழிலாளியின் விசாவை முதலாளியோடு கட்டிப்போடும் கஃபாலா எனப்படும் ஸ்பான்சர் முறையைப் பற்றி உலகெங்கும் எழுதுகிறார்கள். எழுதுபவர்களில் பலர் ஷார்ஜாவில் ஒரு தொழிலாளர் முகாமுக்குப் போனால் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டுதான் பேச முடியும். நீங்கள் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, "எந்த ஊர் அண்ணே?" என்று ஆரம்பிக்கலாம். ஏஜெண்டுக்கு எவ்வளவு கொடுத்தார், ஊரில் சொன்ன சம்பளம் என்ன, இறங்கியதும் கையெழுத்து வாங்கிய காகிதத்தில் இருந்தது என்ன என்பதெல்லாம் அரை மணியில் தானாக வரும்.

இலங்கை மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக்கின் வழக்கை நினைத்துப் பாருங்கள். 2005இல் வயதைக் கூட்டிக் காட்டிய பாஸ்போர்ட்டோடு சவுதிக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போனவர். பராமரிப்பில் இருந்த குழந்தை இறந்ததற்குக் குற்றம் சாட்டப்பட்டு, 2013 ஜனவரியில் தலை துண்டிக்கப்பட்டார். கொழும்பு தன் தூதரைத் திரும்ப அழைத்தது. ஆள்சேர்ப்பு முகவர்கள், விசாரணையின்போது மொழிபெயர்ப்பு, சிறிய நாடு பெரிய நாட்டிடம் எவ்வளவு தூரம் பேச முடியும் என்பது — சர்வதேச உறவுகளின் பாதிப் பாடம் இந்த ஒரு வழக்கில் இருக்கிறது. உறவினர்களின் பேச்சை மூலமொழியிலேயே கேட்கக் கூடியவர்கள் தமிழ் தெரிந்தவர்கள்தான்.

அப்புறம் ஆவணக் காப்பகங்கள். 1947 வரை வளைகுடா ஷேக்குகளோடு பிரிட்டன் வைத்திருந்த உறவைப் பெரும்பாலும் கவனித்தது இந்திய அரசாங்கம்தான். அதன் பிரதிநிதி 1946 வரை ஈரானின் புஷெஹரில் இருந்தார், பிறகு பஹ்ரைனுக்கு மாறினார். ஏடன் 1937 வரை இந்தியாவோடு சேர்த்தே ஆளப்பட்டது. விடுதலைக்குப் பிறகும் வளைகுடாவில் ஓடியது நம் ரூபாய். தங்கக் கடத்தலைத் தடுக்க 1959இல் ரிசர்வ் வங்கி அவர்களுக்கென்றே தனி நோட்டு அச்சிட்டது. 1961இல் குவைத் தன் தினாருக்கு மாறியது. 1965இல் பஹ்ரைனும் தன் தினாருக்குப் போனது. 1966இல் ரூபாய் மதிப்பைக் குறைத்ததும் மற்றவர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள். இந்தக் கதையின் கோப்புகள் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. லண்டனில் உள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் வளைகுடா பற்றியவற்றைக் கத்தார் டிஜிட்டல் நூலகம் இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது. காயல்பட்டினத்திலோ கம்பத்திலோ உட்கார்ந்து 1930களின் பஹ்ரைன் கடிதங்களைப் படிக்கலாம்.

களப்பணிக்குப் போவது ஆபத்தா?

நாட்டையும் தலைப்பையும் பொறுத்தது. பயமுறுத்த அல்ல, தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக மூன்று பெயர்கள். கேம்பிரிட்ஜ் முனைவர் மாணவர் ஜூலியோ ரெஜெனி கெய்ரோவில் சுயேச்சைத் தொழிற்சங்கங்களை ஆராய்ந்தவர். 2016 ஜனவரி 25 அன்று காணாமல் போனார், சித்திரவதைக் காயங்களோடு உடல் கிடைத்தது. டர்ஹாம் மாணவர் மாத்யூ ஹெட்ஜஸ் 2018 மே மாதம் துபாய் விமான நிலையத்தில் உளவாளி என்று பிடிக்கப்பட்டு, நவம்பரில் ஆயுள் தண்டனை பெற்று, சில நாளில் மன்னிக்கப்பட்டார். பிரின்ஸ்டன் மாணவர் ஷியூவே வாங் ஈரானில் பழைய கஜார் காலக் கோப்புகளைப் படிக்கப் போனவர். 2016இல் கைதாகி 2019 டிசம்பரில்தான் வெளியே வந்தார். நூறாண்டுக்கு முந்தைய வரலாறுதானே என்ற பாதுகாப்பும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

சுற்றுலா விசாவில் போய் நேர்காணல் எடுக்காதீர்கள். உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றின் இணைப்புக் கடிதம் வாங்குங்கள். பேசியவர்களின் உண்மைப் பெயரை லேப்டாப்பில் வைக்காதீர்கள். உங்களைவிட அவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். காவல், ராணுவம், அரச குடும்பம் ஆகியவைதான் உங்கள் தலைப்பு என்றால், நாட்டுக்கு வெளியே இருந்து செய்ய முடியுமா என்று முதலில் யோசியுங்கள்.

வெளிநாட்டில் படிப்பது நல்லதா?

பணம் வேறொருவர் தருவதாக இருந்தால் நல்லது. கடன் வாங்கி ஓராண்டு முதுகலைக்கு லண்டன் போவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அமெரிக்க முனைவர் படிப்பு ஐந்தாறு ஆண்டு, பெரும்பாலும் உதவித்தொகையோடு. ஆனால் புள்ளியியல் முறைகளில் கடுமையாகப் பிழிவார்கள். பிரிட்டனில் சோயாஸ், எக்ஸெட்டர், டர்ஹாம், ஆக்ஸ்ஃபோர்டின் செயின்ட் ஆண்டனிஸ் ஆகிய இடங்கள் நாடு சார்ந்த அறிவை மதிப்பவை. துருக்கி அரசின் உதவித்தொகையில் ஓராண்டு மொழிப் பயிற்சியும் சேர்ந்தே வருகிறது. நம் மாணவர்கள் இதை இன்னும் சரியாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் மத்தியக் கிழக்கு நிறுவனம், மலேசியாவின் சர்வதேச இஸ்லாமியப் பல்கலைக்கழகம் இரண்டும் ஊரிலிருந்து சில மணி நேரத் தூரம்தான்.

படித்து முடித்தால் வேலை கிடைக்குமா?

உடனே கிடைக்காது. உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய் என்பது உண்மை. அந்த நாற்காலிக்கு வருவதற்குள் பலர் கௌரவ விரிவுரையாளராகச் சில ஆண்டுகள் கழிக்கிறார்கள் என்பதும் உண்மை. முனைவர் பட்டத்துக்கே குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. வீட்டில் இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் நான்காம் ஆண்டில் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் "இன்னும் படிக்கிறியா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பல்கலைக்கழகத்துக்கு வெளியே டெல்லியில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான ஐ.டி.எஸ்.ஏ., சப்ரு ஹவுஸின் உலக விவகாரங்களுக்கான இந்தியக் குழு போன்ற இடங்கள் உண்டு. மொழி தெரிந்தவருக்குத் தூதரகங்கள், செய்தி நிறுவனங்கள், மொழிபெயர்ப்பு என்று கை கொடுக்கும். தெரியாதவருக்கு இந்தக் கதவுகளும் கிடையாது.

பேராசிரியராக இருந்துகொண்டு வெளியுறவுக் கொள்கையில் செல்வாக்குப் பெற முடியுமா?

உச்சம் தொட்டவர் துருக்கியின் அஹ்மத் தாவுதோக்லு. போஸ்பரஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம், 1990களில் மலேசிய இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் கற்பித்தல், பிறகு எர்துவானின் ஆலோசகர், 2009இல் வெளியுறவு அமைச்சர், 2014இல் பிரதமர். "அண்டை நாடுகளோடு பிரச்சினையே இல்லை" என்ற கொள்கையோடு வந்தார். சிரியாவில் போர் மூண்டது, எகிப்தோடும் இஸ்ரேலோடும் உறவு முறிந்தது. 2016 மே மாதம் பதவி விலகி, 2019இல் தன் பழைய தலைவருக்கு எதிராகவே கட்சி தொடங்கினார். வகுப்பறையில் அழகாக நின்ற கோட்பாடு எல்லையில் என்ன ஆனது என்பதைப் படிக்க இதைவிட நல்ல பாடம் கிடையாது.

அமெரிக்கப் பேராசிரியர் வாலி நஸ்ர் ஈரானில் பிறந்தவர். பாகிஸ்தானின் ஜமாஅத்தே இஸ்லாமி கட்சியை ஆராய்ந்து தொடங்கி, ஒபாமா காலத்தில் ஆப்கானிஸ்தான்-பாகிஸ்தான் சிறப்புத் தூதர் ஹோல்புரூக்கின் ஆலோசகரானார். நம் ஊரில் போக்குவரத்து பெரும்பாலும் எதிர்த் திசையில்: ஹமீத் அன்சாரி ஈரானிலும் சவுதியிலும் தூதராக இருந்துவிட்டு அலிகாரின் துணைவேந்தரானார், பிறகு குடியரசுத் துணைத் தலைவர். ஓய்வு பெற்ற தூதர்கள் பல்கலைக்கழகத்துக்கு வருவார்கள். பேராசிரியரை அமைச்சகம் கூப்பிடுவது அபூர்வம்.

டிவி விவாதங்களுக்குக் கூப்பிட்டால் போகலாமா?

முனைவர் பட்டம் முடிக்கும்வரை வேண்டாம்.

சினாப்சிஸ் (முனைவர் சேர்க்கைக்கான ஆய்வுத் திட்டச் சுருக்கம்) எழுதும்போது என்ன பார்க்க வேண்டும்?

"இந்தியா-சவுதி உறவுகள்: ஒரு பகுப்பாய்வு" என்று வரும் விண்ணப்பங்களுக்குக் கணக்கே இல்லை. நேர்காணல் குழு அதைப் பார்த்ததும் அடுத்த ஃபைலை எடுத்துவிடும். அதையே இப்படிச் சுருக்கலாம்: 2011இல் சவுதி அரசு நிதாகத் என்ற உள்ளூர்மயத் திட்டத்தைக் கொண்டுவந்தது, 2013இல் ஆவணம் இல்லாத தொழிலாளர்கள் மீது பாய்ந்தது, 2014 ஜனவரியில் வீட்டுப் பணியாளர்கள் பற்றி இந்தியாவோடு ஒப்பந்தம் போட்டது. இந்த மூன்று ஆண்டில் டெல்லி என்ன கேட்டது, ரியாத் எதை ஏற்றது, எதை ஏற்கவில்லை, ஏன்? நாடாளுமன்றக் கேள்வி-பதில்கள், சவுதி தொழிலாளர் அமைச்சக அறிவிப்புகள், அரபு நாளிதழ்கள், திரும்பி வந்தவர்களின் நேர்காணல்கள் என்று ஆதாரங்களும் தெளிவாக எழுதிக் காட்டலாம்.

நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரைப் பார்க்காமல், அவரிடம் கடைசியாகப் பட்டம் வாங்கிய இரண்டு பேரைப் பிடித்து, ஓர் அத்தியாயத்தைப் படித்துத் திருப்பித் தர எத்தனை நாள் எடுத்தார் என்று கேளுங்கள். சிலர் வாரங்களில் தருவார்கள். சிலரிடம் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.